கீழே தங்கும் சிவப்பு

இந்த நாற்காலியில் கொஞ்ச நேரம் உட்கார்ந்தாலே எனக்கு இடுப்பு பிடித்துக்கொள்கிறது, ஐயா. நின்றே வேலை பார்த்துப் பழகிய உடம்பு. குறையாகச் சொல்லவில்லை. கைப்பிடியில் யாரோ மூக்கைச் சிந்தித் துடைத்திருக்கிறார்கள், காய்ந்து ஒட்டிக் கிடக்கிறது. அதனால்தான் இரண்டு கையையும் மடியில் வைத்துக்கொண்டு பேசுகிறேன். பயத்தில் கையைக் கட்டிக்கொண்டிருக்கிறேன் என்று நினைக்க வேண்டாம். கேட்டதற்கெல்லாம் பதில் சொல்கிறேன்.

பழைய பேட்டரிகளை உடைத்து ஈயம் எடுக்கிற கம்பெனியில் முதலுதவி அறை என் பொறுப்பில் இருந்தது. லாரியில் வந்து கொட்டும் பேட்டரிகளைக் கோடாரியால் பிளப்பார்கள். ஆசிட் சாக்கடையில் ஓடும். உள்ளே இருக்கும் தகடுகளை அள்ளி உலையில் உருக்கி, மேலே மிதக்கும் கசடைக் கரண்டியால் வழித்து எறிந்துவிட்டு, ஈயத்தை அச்சில் ஊற்றுவார்கள். சாம்பல் நிறத் தூசி எல்லாவற்றின் மேலும் படிந்திருக்கும். ஆட்கள் அந்தக் கையாலேயே சாப்பிடுவார்கள், அந்தக் கையாலேயே கண்ணைக் கசக்குவார்கள். வாயைத் திறந்தால் ஈறில், பல்லை ஒட்டி, நீலக் கறுப்பாக ஒரு கோடு தெரியும். பேசினால் துருவும் இனிப்பும் கலந்த ஒரு வாடை முகத்தில் அடிக்கும். நான் முகமூடியும் கையுறையும் போட்டுக்கொண்டுதான் வாசலைத் தாண்டுவேன். குடிக்கிற தண்ணீரை வீட்டிலிருந்து கொண்டுபோவேன். திரும்பி வந்ததும் உடுப்பைக் கழற்றி வாளியில் முக்கிவிட்டுத்தான் வீட்டுக்குள் கால் வைப்பேன். தெரியாமல் செய்துவிட்டேன் என்று நான் சொல்லப்போவதில்லை என்பதற்காக இதைச் சொல்கிறேன்.

என் அப்பா சிமெண்டு மூட்டை தூக்கியவர். அம்மா ஜல்லி உடைத்தாள். அப்பா இருமித் துப்புவதைச் சாம்பல் போட்டு மூடி அள்ளிக் கொட்டுவது சின்ன வயதில் என் வேலை. காய்ந்துபோனால் தரையோடு கல்லாக ஒட்டிக்கொள்ளும், தகரத்தால் சுரண்ட வேண்டும். பக்கத்திலேயே சாப்பாட்டுத் தட்டு இருக்கும். உழைப்பு, வியர்வை என்று மேடையில் பேசுகிறவர்கள் அந்தச் சளியைச் சுரண்டியதில்லை. நான் லேப் டெக்னீஷியன் படித்தது வெள்ளைச் சட்டை போடலாம் என்பதற்காகத்தான். வேறு லட்சியம் எதுவும் இல்லை.

மாதம் ஒருமுறை ஒவ்வொரு ஆளுக்கும் ரத்தம் எடுத்து வெளி லேபுக்கு அனுப்ப வேண்டும் என்பது சட்டம். ரத்தத்தில் ஈயம் அளவைத் தாண்டினால், அது இறங்கும்வரை அந்த ஆளை உலையிலிருந்து விலக்கி, சம்பளம் கொடுத்து வெளி வேலையில் வைக்க வேண்டும். நான் சேர்ந்த புதிதில் எடுத்ததை எடுத்தபடி அனுப்பினேன். ரிசல்ட் வந்தது. உலையில் நின்றவர்களில் பாதிப் பேர் அளவைத் தாண்டியிருந்தார்கள்.

முதலாளி என்னைக் கூப்பிட்டார். கோபக்காரர் இல்லை. கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே பேசினார்.

"எல்லாரையும் உக்கார வச்சு சம்பளம் குடுக்க நான் என்ன அவங்களுக்கு மாமனாரா? உலைய யாரு பாக்குறது, நீங்களா?"

"சட்டம் சார்."

"சட்டத்த நான் வேணாம்னு சொல்லலயே. படிச்சவர் நீங்க. ஒரு வழிய பாருங்க."

அவர் சொன்னது அவ்வளவுதான். அவர் மேல் பழி போட நான் இங்கே வரவில்லை. வழி பார்க்கச் சொன்னார், என்ன வழி என்று சொல்லவில்லை. வழி என்னுடையது.

ஆட்களும் என் மேல் கடுப்பில் இருந்தார்கள். உலையை விட்டு விலக்கினால் ஓவர்டைம் கிடையாது. நான் நடந்து வந்தாலே, "ஊசிக்காரர் வர்றாருடா, எவன் அடுப்புல தண்ணி ஊத்தப்போறாரோ" என்பார்கள். உலையில் என் மாப்பிள்ளையும் இருந்தார். தங்கையின் கணவர். நான்தான் அந்த வேலையில் சேர்த்துவிட்டேன். மாப்பிள்ளை என்றால் ஏதோ பேருக்கு இல்லை. எனக்கு வேறு யாரும் கிடையாது, அவருக்கும் அப்படித்தான். கரண்டி பிடிப்பதில் அவர் கையை அடித்துக்கொள்ள ஆள் இல்லை. கசடை ஒரே இழுப்பில், பாலாடை எடுப்பது போல் எடுத்துவிடுவார். அவருடைய அளவும் தாண்டியிருந்தது. ஒருநாள் என் அறை வாசலில் சாய்ந்துகொண்டு கேட்டார்.

"மச்சான், வீட்டுக்கு மேல் கூரை போட ஆரம்பிச்சாச்சு. என் நம்பர மட்டும் கொஞ்சம் கொறச்சுப் போடக்கூடாதா?"

"ரத்தம் என்ன காய்கறியா மாப்ள, பேரம் பேசிக் கொறைக்க?"

"நீங்க கேட்டா கொறையும். உங்க மூஞ்சியப் பாத்தா எனக்கே ரத்தம் கொறையுது."

சிரித்துக்கொண்டு போய்விட்டார். விளையாட்டுக்குக் கேட்டது என்று சொல்வீர்கள். கேட்டது கேட்டதுதானே, ஐயா. நான் இதைச் செய்ததே அவருக்காகத்தான். அதை முதலில் எழுதிக்கொள்ளுங்கள்.

குழாய்களை வாங்கிப்போக லேபிலிருந்து ஒரு அம்மா வருவார். ஸ்கூட்டரில், பனிக்கட்டிப் பெட்டியோடு. தன் வேலையைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் நேரம் போவது தெரியாத ரகம். ஒருமுறை அவரிடம் கேட்டேன்.

"மத்த டெஸ்டுக்கெல்லாம் மேல தெளிஞ்சு நிக்கிற மஞ்சத் தண்ணிய எடுக்கிறீங்க. இதுக்கு மட்டும் ஏன் மேடம் முழு ரத்தம்?"

"ஈயம் அந்தத் தண்ணியில நிக்காதுங்க. கிட்டத்தட்ட எல்லாமே சிவப்பணுக்குள்ள போயிடும். தண்ணிய மட்டும் பாத்தா ஒண்ணுமே இல்லாத மாதிரிதான் தெரியும்."

"அணுவச் சுத்தித் தோல் இருக்குமே. எப்படி உள்ள விடுது?"

"வாசல் இருக்கே. நாம வெளிய விடுற மூச்சு இருக்குல்ல, அந்தக் கார்பன் சரக்க ஒரு பக்கம் தள்ளி, பதிலுக்கு உப்ப இன்னொரு பக்கம் இழுக்கிற வாசல். ஓயாம நடக்கும். ஈயம் தனியா வந்தா அந்த வாசல் விடாது. அது என்ன பண்ணும்னா, அந்தக் கார்பன் கூட்டத்தோட கைகோத்துக்கிட்டு நுழைஞ்சிடும். கல்யாண வீட்டுல யாரோ ஒரு குடும்பத்தோட ஒட்டிக்கிட்டு உள்ள போறவன் மாதிரி."

"சாப்பிட்டுட்டுப் போயிடுவானே."

"இவன் போக மாட்டான். உள்ள போய் வீட்டு ஆளோட நாற்காலியில உக்காந்துக்குவான். துத்தநாகம் உக்கார வேண்டிய நாற்காலி அது. துத்தநாகமும் இதே மாதிரி வாசல்ல வர்றதுதான், ஆனா அதுக்கு உள்ள வேலை இருக்கு. இவன் அத எழுப்பி விட்டுட்டு, தானும் வேலை செய்ய மாட்டான், எந்திரிக்கவும் மாட்டான். ரத்தத்துக்குச் செவப்பு தயாராகுற வேலை அங்கேயே நின்னுடும்."

எனக்குப் பிடித்திருந்தது. அதுவரை ஈயத்தை அழுக்கு என்று மட்டுமே நினைத்திருந்தேன். அது இவ்வளவு நாசூக்காக உள்ளே போகும் என்று யாரும் எனக்குச் சொன்னதில்லை. அந்த அம்மா போன பிறகு ஒரு குழாயைக் கையில் எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். ரத்தத்தை உறையவிடாத மருந்தோடு நிற்க விட்டால் அது தானாகவே பிரியும். சிவப்பு கீழே தங்கும், மஞ்சள் மேலே நிற்கும். ஈயம் முழுக்கச் சிவப்பில்தான் இருக்கிறதென்றால், சிவப்பைக் குறைத்தால் போதும்.

அதற்குப் பிறகு ஒவ்வொரு ஆளிடமும் இரண்டு குழாய் எடுத்தேன். சுழற்றுகிற மிஷினில் இரண்டையும் வைத்துச் சுற்றுவேன். நீள ஊசியை அடிவரை விட்டு, ஒன்றில் பாதிச் சிவப்பை உறிஞ்சி எடுத்துவிட்டு, அந்த இடத்தில் மற்றதன் மஞ்சளை விட்டு நிரப்புவேன். மெதுவாகக் கவிழ்த்துக் குலுக்கினால் ரத்தம் போலவே இருக்கும், கொஞ்சம் வெளுப்பாக. அவரவர் ரத்தம் அவரவர் குழாயில்தான் போனது. ஆள் மாற்றவில்லை, பெயர் மாற்றவில்லை, ரிசல்ட்டில் ஒரு எழுத்தைத் திருத்தவில்லை. லேப் சொன்னது அத்தனையும் உண்மை. கொஞ்சம் ரத்தம் குறைவு, அவ்வளவுதான்.

"எதுக்கு சார் ரெண்டு குழா? ஒண்ணு கம்பெனிக்கு, ஒண்ணு உங்களுக்கா?" என்று ஆட்கள் கேலி பேசினார்கள்.

"விக்கிறாருடா. அதான் ரூமுக்கு ஏசி வந்துருக்கு."

ஏசி வந்தது உண்மை. முதலாளி எனக்குக் கையில் ஒரு காசு கொடுத்ததில்லை, நான் கேட்டதும் இல்லை. அறைக்கு வெள்ளை ஓடு பதித்தார், ஜன்னலை அடைத்துக் கண்ணாடி போட்டார், கைகழுவும் தொட்டி வைத்துக் கொடுத்தார். கதவைச் சாத்தினால் வெளியே இப்படி ஒரு இடம் இருப்பதே தெரியாது. என் வாழ்க்கையில் நான் இருந்த முதல் சுத்தமான அறை அது.

எடுத்த சிவப்பை அந்தத் தொட்டியில்தான் ஊற்றினேன். தண்ணீர் விட்டால் போய்விடும் என்று நினைத்தது தப்பு. வளைந்த குழாய்க்குள் தேங்கி, கறுத்து, ஈரல் மாதிரி கட்டியாகி, ஒருநாள் தண்ணீர் போகாமல் மேலே ஏறியது. நாற்றத்துக்கு முகமூடியை மாட்டிக்கொண்டேன். துப்புரவு செய்யும் அக்காவைக் கூப்பிட்டேன். அவர் கையுறை கேட்கவில்லை, நானும் கொடுக்கவில்லை. முழங்கைவரை விட்டுப் பிடுங்கிப் பிடுங்கி எடுத்துத் தரையில் போட்டார்.

"என்ன சார், உள்ள கோழி அறுக்கிறீங்களா?"

"மூக்குல ரத்தம் வர்ற ஆளுங்க வந்து கழுவுறாங்க அக்கா."

"இவ்ளோவும் மூக்குலயா வருது? பாவம், அவனுங்களுக்கு மூக்கா குழாயா?"

கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு போனார். அந்தப் புடவையை நினைத்து அன்றைக்கு எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

லேப் அம்மாவும் கேட்காமல் இல்லை. "உங்க ஆளுங்க ரத்தம் ஏங்க இவ்ளோ தண்ணியா இருக்கு?" என்றார். "சாப்பாடு சரியில்ல மேடம், சொன்னா கேக்க மாட்டாங்க" என்றேன். அது முழுப் பொய்யும் இல்லை. ஈயம் உள்ளே போன ரத்தம் வெளுக்கும் என்று அவரே சொல்லியிருக்கிறார். என் குழாய் அவர்கள் உடம்பை முந்திக்கொண்டது, அவ்வளவுதான். போகப் போக உடம்பும் குழாயின் வெளுப்பை எட்டிப் பிடித்துவிட்டது. உதட்டில் நிறம் இல்லாமல், மெழுகு போல் ஆகிவிட்டார்கள். ஒருவரையும் உலையிலிருந்து விலக்கவில்லை. மாப்பிள்ளை வீட்டுக்குக் கூரை போட்டுவிட்டார்.

குருவி என்று ஒரு ஆள் இருந்தான், பேருக்கேற்ற உடம்பு. பேட்டரி உடைக்கிற இடத்தில் கை கால் வெட்டி இழுத்து, வாயில் நுரை தள்ளி, ஆசிட் ஓடுகிற சாக்கடையில் முகம் குப்புற விழுந்தான். தூக்கிக்கொண்டு என் அறைக்கு வந்தார்கள். வெள்ளை ஓட்டில் எல்லாம் அப்பிக்கொண்டது, கன்னத்துத் தோல் ஓட்டோடு வந்துவிட்டது. மூன்றாம் நாள் ஆஸ்பத்திரியில் செத்துப்போனான். குடி என்று நான் சொன்னேன். அவன் குடிப்பான் என்பது எல்லோருக்கும் தெரியும், அதனால் யாரும் மறுத்துப் பேசவில்லை. ஓட்டைப் பினாயில் போட்டு நானே கழுவினேன். இதை நீங்கள் கேட்கவில்லை. ஆனாலும் சொல்லிவிடுவது நல்லது.

பிறகு மாப்பிள்ளைக்கு வயிற்று வலி வந்தது. சாதாரண வலி இல்லை. வயிறு பலகையாக இறுகிவிடும். மலம் வராது. தரையில் சுருண்டு புழு மாதிரி நெளிவார், வாந்தியில் பச்சைத் தண்ணீர் மட்டும் வரும். தங்கை என்னைக் கூப்பிட்டாள். ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போனோம். அவசரப் பிரிவு டாக்டர் வயிற்றை அழுத்திப் பார்த்தார். புத்திசாலி. முதல் கேள்வியே சரியான கேள்வி.

"என்ன வேலை பாக்குறார்?"

"ஈய உலையில டாக்டர்" என்றாள் தங்கை.

"ரத்தத்துல ஈயம் பாத்திருக்கா?"

தங்கை என்னைப் பார்த்தாள். பெருமையாகத்தான் பார்த்தாள். "மாசாமாசம் பாக்குறாங்க டாக்டர். எங்க அண்ணன்தான் எடுக்கிறது."

ரிசல்ட்டுகளை நான் கையோடு கொண்டுபோயிருந்தேன். டாக்டர் புரட்டினார். எல்லாம் அளவுக்குள் இருந்தன.

"அப்ப அது இல்ல. குடல்வாலாத்தான் இருக்கணும். திறந்து பாத்துடலாம்" என்றார்.

அப்போது நான் சொல்லியிருக்கலாம் என்று நீங்கள் நினைக்கிறீர்கள். உங்கள் முகத்தில் தெரிகிறது. யோசித்துப் பாருங்கள் ஐயா. சொன்னால் மாப்பிள்ளைக்கு வேலை போகும், கம்பெனியில் மற்றவர்களுக்கும் போகும், தங்கை முன்னால் நான் நிற்க முடியாது. குடல்வால் இல்லாமல் எத்தனையோ பேர் நன்றாக இருக்கிறார்கள்.

உடம்பில் ரத்தம் ரொம்பக் குறைவு, ஏற்றாமல் அறுக்க முடியாது என்றார்கள். ரத்த வங்கியில் ஒரு பை கொடுத்தார்கள். அங்கே உட்கார்ந்திருந்தவர் சொன்னார், "இது கடன்தாங்க. சொந்தக்காரங்க யாராவது ஒருத்தர் வந்து திருப்பி ஒரு பை குடுத்துடணும். அடுத்த ஆளுக்கு வேணும்ல."

"அண்ணன் குடுத்துடுவாரு" என்றாள் தங்கை. என் பெயரை எழுதிக்கொண்டார்கள்.

வயிற்றைத் திறந்தார்கள். குடல்வால் பச்சைக் குழந்தையுடையது மாதிரி நன்றாக இருந்ததாம். வெட்டி எடுத்துவிட்டுத் தைத்தார்கள். தையல் ஆறியதும் மாப்பிள்ளை உலைக்குத் திரும்பினார். நானேதான் வேலைக்குத் தகுதி என்று எழுதிக் கொடுத்தேன். அந்த மாதமும் இரண்டு குழாய் எடுத்தேன். ஊசி போட நரம்பு தேடும்போது, "என்ன மச்சான், உள்ள ஏதாச்சும் மிச்சம் இருக்கா?" என்றார்.

"நெறைய இருக்கு மாப்ள."

அதன் பிறகுதான் கை. ஒருநாள் கரண்டியைத் தூக்கினார், மணிக்கட்டு தூக்கவில்லை. கை மடங்கித் தொங்கியது, கழுத்து முறித்த கோழி மாதிரி. கரண்டி நழுவி, உருகிய ஈயம் அவர் காலில் விழுந்தது. இப்போது ஆஸ்பத்திரியில் கிடக்கிறார், இரண்டு கையும் அப்படித்தான். பித்தான் போட முடியாது. தங்கை ஊட்டிவிடுகிறாள், வாய் துடைத்துவிடுகிறாள், கழுவியும் விடுகிறாள். சோறு மோவாயில் வழிகிறது. நான் ஒருமுறை பார்க்கப் போனேன். ஊட்டச் சொல்லி என்னிடம் கரண்டியைக் கொடுத்தாள். அவசர வேலை இருக்கிறது என்று வந்துவிட்டேன்.

எப்படி மாட்டினேன் என்று கேட்டீர்கள். என் குழாயால்தான். சட்டப்படி என் ரத்தமும் மாதாமாதம் போக வேண்டும். அதை மட்டும் நான் தொட்டதில்லை. குறைக்க அதில் ஒன்றும் இல்லை. அதோடு என் உடம்பைப் பற்றி எனக்குச் சரியாகத் தெரிந்தாக வேண்டும். லேப் அம்மா ஒருநாள் எல்லாக் குழாயையும் வரிசையாக நிறுத்தி வெளிச்சத்தில் பார்த்திருக்கிறார். அத்தனையும் வெளுத்திருக்க, ஒன்று மட்டும் கெட்டியாக, கரும் சிவப்பாக. முந்தின நாள் சேர்ந்த புது லோடுமேன், காளை மாதிரி உடம்பு, அவன் ரத்தமும் மற்றவர்கள் அளவுக்கே வெளுத்திருக்கிறது. அந்த அம்மா யாரிடமும் சொல்லாமல் ஆஸ்பத்திரி வார்டுக்குப் போய், மாப்பிள்ளையின் தொங்குகிற கையில் தானே ஊசி போட்டு எடுத்துப் பரிசோதித்திருக்கிறார். அதில் வந்த எண்ணை நீங்களே பார்த்திருப்பீர்கள்.

என் அறைக்கு வந்து கதவருகில் நின்றார். "அன்னிக்கு நான் சொன்னேனே, அத வச்சா செஞ்சீங்க?" என்றார்.

"ஆமாம் மேடம்" என்றேன். பொய் சொல்வது எனக்குப் பிடிக்காது.

அவர் தொட்டியில் குனிந்து வாந்தி எடுத்தார். நான் காகிதக் கைக்குட்டை கொடுத்தேன், வாங்கவில்லை. அவர் போன பிறகு தொட்டியை நன்றாகத் தேய்த்துக் கழுவிவிட்டுத்தான் உங்கள் ஆட்களுக்காகக் காத்திருந்தேன்.

நேற்று தங்கை இங்கே வந்தாள். கம்பிக்கு அந்தப் பக்கம் நின்றாள். அழுவாள், சாபம் விடுவாள் என்று எதிர்பார்த்தேன். உடுப்பில் மாப்பிள்ளை வாந்தியின் வாடை இருந்தது, நான் கொஞ்சம் தள்ளி நின்றேன். அவள் கேட்டது ஒன்றுதான்.

"அண்ணா, ஆஸ்பத்திரியில அந்த ரத்தத்தக் கேக்குறாங்க. அவருக்கு மறுபடி ஏத்தணுமாம். மொதல்ல வாங்குனதக் குடுக்கச் சொல்றாங்க."

கொடுக்கக்கூடாது என்று எனக்கு ஒன்றும் இல்லை, ஐயா. மனசு வைத்து ஒருநாள் ரத்த வங்கிவரை போகவும் செய்தேன். படுக்கச் சொன்ன கட்டிலின் ரெக்சினில் தலை வைக்கிற இடத்தில் எண்ணெய்ப் பிசுக்கு. ஓரத்தில் யாருடையதோ காய்ந்த ரத்தம். பக்கத்துக் கட்டிலில் ஒருவன் வாயைத் திறந்துகொண்டு படுத்திருந்தான். அதில் எப்படிப் படுப்பது, சொல்லுங்கள். துணியை மாற்றினால் வருகிறேன் என்று சொல்லிவிட்டுத் திரும்பிவிட்டேன். அவர்கள் மாற்றவில்லை. இப்போது உங்கள் காவலில் இருக்கிறேன், இனி நானாகப் போக முடியாது. மாப்பிள்ளைக்கும் எனக்கும் ஒரே ரத்தப் பிரிவு. எல்லோரையும் மறுபடி பரிசோதித்ததில், அந்தக் கம்பெனியின் பழைய ஆட்களில் ஈயம் ஏறாத ரத்தம் என்னுடையது ஒன்றுதான் என்று லேபே சொல்லியிருக்கிறது. இத்தனை வருடம் அதை அவ்வளவு சுத்தமாக வைத்திருக்கிறேன்.

என் வாக்குமூலம் இவ்வளவுதான், எங்கே கையெழுத்துப் போட வேண்டும் என்று காட்டுங்கள். பேனாவைத் துடைத்துவிட்டுக் கொடுத்தால் நல்லது. இன்னொன்றையும் எழுதிக்கொள்ளுங்கள், பின்னால் மறைத்தேன் என்று யாரும் சொல்லக்கூடாது: ஆஸ்பத்திரிக்கு நான் ஒரு பை ரத்தம் பாக்கி.